கெடு நின்ற ஆலை

இலுப்பையூர் கார் ஆலையின் மதிலுக்குள் பால் திரியாமல் இருந்ததற்குக் காரணம் ஆலை வாசலில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் முனீஸ்வரன்தான் என்று அந்த வட்டாரத்தில் பரவலாக நம்பப்படுகிறது. பள்ளி ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவரும்கூட இதை நம்புகிறார்கள். இது பெரும் பிழை. இதை மேலும் வளரவிடுவது வருங்காலத் தலைமுறைக்குச் செய்யும் துரோகம். முனீஸ்வரனுக்குப் பால் விஷயத்தில் அக்கறை இருந்ததற்கு எந்தச் சான்றும் கிடையாது. அவருக்குப் படைப்பது சுருட்டும் சாராயமும், இவை இரண்டும் எங்கே வைத்தாலும் கெடாதவை. உண்மையான காரணம் ஒரு மொழிபெயர்ப்பு.

மருதம் மோட்டார்ஸ் என்ற அந்தக் கம்பெனி ஒரே ஒரு வகைக் கார்தான் செய்துகொண்டிருந்தது. அதன் பெயர் சிட்டு. சின்ன கார், நல்ல என்ஜின், பார்க்கவும் லட்சணம். ஆனால் அதை வரைந்தவர்கள் ஏதோ ஒரு மறதியில் பின்னால் சாமான் வைக்கும் இடத்தைப் பெரிதாகவும் பின் சீட்டைச் சிறிதாகவும் வைத்துவிட்டதால், அதில் உட்கார்ந்த மாமியார்கள் முழங்காலைத் தாடைக்குக் கீழே மடக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள், சேர்ந்த பிறகு மருமகனோடு பேசுவதை நிறுத்தினார்கள். மாமியாரைப் பகைத்துக்கொண்டு எந்தக் கார் கம்பெனியும் தமிழ்நாட்டில் பிழைத்ததில்லை. விற்காத சிட்டுகள் ஆலை மைதானத்தில் வரிசை வரிசையாக நின்றன, வரிசைகள் மதிலைத் தொட்டன, மதிலைத் தொட்டபோது வங்கிகள் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போயின.

தீர்ப்பாயம் சட்டப்படி வழக்கமாகப் போடும் உத்தரவைப் போட்டது: இந்தக் கம்பெனியை வேறொருவர் கையில் கொடுத்து மறுபடி ஓடவைப்பதா, உடைத்து விற்பதா என்று தீர்மானம் ஆகும் வரை யாரும் எதையும் கேட்டு வரக் கூடாது, எந்தக் கெடுவும் ஓடாது. ஆங்கில உத்தரவு தொழிலாளர்களுக்குப் புரிய வேண்டும் என்று அதைத் தமிழிலும் வாசலில் ஒட்டச் சொன்னார்கள். மொழிபெயர்த்தவர் அன்றைக்குக் காலையிலிருந்து உத்தரவுகளாகவே மொழிபெயர்த்துக் களைத்திருந்தார். கெடு என்ற பெயர்ச்சொல் அவர் கையில் சற்றே நழுவி வினைச்சொல்லாகிவிட்டது. வாசலில் ஒட்டிய தாளில் இப்படி இருந்தது: "தீர்மானம் ஆகும் வரை இவ்வளாகத்துக்குள் எதுவும் கெடாது."

இலக்கணம் தெரிந்த இரண்டு பேர் அதைப் படித்து உச்சுக்கொட்டினார்கள். வளாகமோ அதை உத்தரவாக எடுத்துக்கொண்டது.

முதலில் தெரிந்தது கேன்டீனில். சனிக்கிழமை மிஞ்சிய சாம்பார் திங்கட்கிழமை காலையில் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது போல மணத்துக்கொண்டிருந்தது. பால் திரியவில்லை, வாழைப்பழம் கறுக்கவில்லை, வெட்டிவைத்த தேங்காய் வழவழக்கவில்லை. பிறகு பாடி ஷாப்பில் கண்டார்கள்: மழையில் நனைந்த இரும்புத் தகடு துருவேறாமல் பளபளத்தது. கேன்டீன் மாஸ்டர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார், ஏனென்றால் இட்லி மாவு பொங்கவில்லை. புளிப்பது கெடுவதா அல்லது பக்குவப்படுவதா என்ற கேள்வியில் அறிஞர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை, ஆனால் அந்த மதிலுக்குக் கேள்வியே எழவில்லை. மாவு ஆட்டியபடியே கிடந்தது, அதில் ஊற்றிய இட்லிகளைச் சாப்பிட்டவர்கள் உளி கேட்டார்கள். கடைசியில் மாஸ்டர் மாவுக் குண்டான்களை மதிலுக்கு வெளியே இருந்த டீக்கடையில் வைத்துப் பொங்கவிட்டு விடியற்காலையில் உள்ளே எடுத்து வந்தார், அதன் பிறகு வாழ்க்கை சீரானது. ஒரு மாவுச் சட்டியை மட்டும் யாரோ ஸ்டோர் ரூமில் மறந்துவிட்டார்கள்.

இந்த ஆலையின் தொழிற்சங்கச் செயலாளர் அஞ்சுகம். கதவு பொருத்தும் வரிசையில் வேலை. அவள் கதவை மூடும் சத்தத்தைக் கேட்டே சூப்பர்வைசர்கள் அன்றைக்கு எந்தப் பக்கம் போகக் கூடாது என்று முடிவு செய்வார்கள். உத்தரவு ஒட்டிய மாசி மாதத்தில் அவள் நிறைமாதக் கர்ப்பிணி. அந்த வாரமே நாள் குறித்திருந்தார்கள். அன்று அவள் சங்க அறையில் இருந்தாள். இடுப்பில் லேசாகத் தொடங்கியிருந்த வலி தாள் ஒட்டப்பட்ட கணத்தில் நின்றுவிட்டது. ஆலைக்கு வந்துபோகும் இ.எஸ்.ஐ. டாக்டரம்மா வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "எல்லாம் அருமையா இருக்கு. குழந்தை ரெடி. ஆனா கிளம்புற மாதிரி தெரியலை," என்றார்.

அஞ்சுகத்துக்கு விஷயம் விளங்கியது. உள்ளே எந்தக் கெடுவும் வராது என்றால் இந்தக் கெடுவும் வராது. வெளியே போனால் வரும். அவள் அங்கேயே தங்கிவிட முடிவு செய்தாள்.

அவள் புருஷன் கோதண்டம் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். தினமும் மாலையில் ஆட்டோவை வாசலுக்கு நேரே நிறுத்தி, ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கேட் கம்பி வழியாகச் சண்டை போடுவான்.

"அஞ்சுகம், வெளிய வா. பெத்துட்டுப் போ. நான் வண்டிய ஆஃப் பண்ணாம நிக்கிறேன்."

"பெத்துட்டு எப்பய்யா வர்றது? உங்க அம்மா என்னைத் தொண்ணூறு நாள் மூலையில உக்கார வெப்பாங்க. அதுக்குள்ள இவனுங்க ஆலைய ஆணி ஆணியா புடுங்கி வித்துட்டுப் போயிடுவானுங்க. மீட்டிங்ல நம்ம பக்கம் பேச யாரு இருக்கா?"

"அப்ப எம் புள்ள?"

"உம் புள்ளைக்கு என்னா? வாடகை இல்லாம தூங்குது."

"அது தூங்குது, நான் தூங்கலையேம்மே!"

ஒருநாள் கோபம் தாங்காமல் அவனை நேரில் திட்டுவதற்காக அவள் கேட்டைத் தாண்டினாள். தாண்டியதுமே வலி இடுப்பைப் பிடித்துச் சுழற்றியது, கோதண்டம் ஆனந்தக் கூச்சலோடு ஆட்டோவைக் கிளப்பினான், அவள் பின்வாங்கி உள்ளே வந்தாள், வலி நின்றது. "பாத்தியா, பாத்தியா, வருது!" என்று அவன் கத்த, "வரும், வரச் சொல்றப்ப வரும்," என்று சொல்லிவிட்டு அவள் ஷிஃப்டுக்குப் போனாள்.

தீர்ப்பாயம் நியமித்த அதிகாரியின் பெயர் ஸ்ரீவத்சன். பழைய நிர்வாகத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆலையைத் தற்காலிகமாக நடத்துவதும், அதை எடுத்து நடத்த ஆள் தேடுவதும் அவர் வேலை. தீர்வாளர் என்பது பதவியின் பெயர். தொழிலாளர்கள் அவரைத் தீர்வு சார் என்றார்கள். மாம்பலத்துக் கணக்காளர், பயந்த சுபாவம், எதற்கும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுபவர். பால் திரியவில்லை என்று முதலில் சொன்னபோது இரண்டு மணி நேரம் புரட்டிவிட்டு, "திரியக் கூடாதுன்னு எந்தப் பிரிவும் இல்லை, திரிஞ்சே ஆகணும்னும் இல்லை," என்று அனுமதித்தார். உள்ளே இருக்கும் வரை தாடி வளராததால் பிளேடுச் செலவு மிச்சமானதை அவர் அறிக்கையில் சேர்க்கவில்லை.

அவர் கூட்டிய முதல் கூட்டத்தில் ஒரு வெல்டர் எழுந்து கேட்டார்: "சார், திவாலுன்னா நாங்க செத்துட்டம்னுதானே அர்த்தம்?"

"அப்படி எல்லாரும் நினைக்கிறாங்க, தப்பு," என்றார் ஸ்ரீவத்சன். "வீட்டுச் சாவி இப்ப என்கிட்ட இருக்கு. குடித்தனம் நடத்த ஆள் கிடைச்சா சாவியை அவங்ககிட்ட கொடுப்பேன். பழைய பாக்கியில பெரும்பகுதியை வங்கிங்க விட்டுக் கொடுக்கும். அதுக்குப் பேரு மறுசீரமைப்பு. ஆவணி முடியறதுக்குள்ள ஆள் கிடைக்கலைன்னா, கதவு தனி, ஜன்னல் தனின்னு கழட்டி வித்துடணும். அதுக்குப் பேரு கலைப்பு."

கேன்டீன் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கரண்டி தரையில் விழுந்தது.

"சார்! வயித்துப் புள்ளக்காரிய முன்னால வெச்சுக்கிட்டு என்னா வார்த்தை பேசறீங்க?"

ஸ்ரீவத்சனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அது சட்டச் சொல் என்று விளக்கப் பார்த்தார், சட்டத்துக்கு அம்மா இல்லையா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து ஆலைக்குள் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. அறிக்கைகளிலும் கூட்டங்களிலும் அது "அந்த இன்னொரு வழி" ஆயிற்று.

இலுப்பையூர் இந்த அதிசயத்துக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது, பழகியபின் அதைக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் மிஞ்சிய பந்தியைக் குண்டானோடு கொண்டுவந்து வைத்தார்கள், மறுவீட்டுக்கு அதையே எடுத்துப்போய்ச் சுடச்சுடப் பரிமாறினார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளைத் தவறவிட்ட பையன்கள் கேன்டீனில் உட்கார்ந்து நிதானமாக விண்ணப்பம் நிரப்பினார்கள், அது செல்லுபடியாயிற்று. பெண்ணுக்கு வயது தாண்டிக்கொண்டிருக்கிறது என்று புலம்பிய பெற்றோர் மகளை ஆலைக்குள் டைப் வேலைக்குச் சேர்த்துவிட்டு மாப்பிள்ளை பார்ப்பதை ஆறப்போட்டார்கள், பெண்கள் இதற்காகத் தீர்ப்பாயத்தை வாழ்த்தினார்கள். கோயில்காரர்கள் பஞ்சாமிர்தத்தை அனுப்பினார்கள். கோபத்தையும் உள்ளே கொண்டுபோய் வைத்தால் கெடாது என்று கண்டுகொண்ட இரண்டு பங்காளிகள் வாரம் ஒருமுறை வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்துவிட்டுப் போனார்கள். செக்யூரிட்டி முதலில் எல்லோரையும் விரட்டினார், பிறகு டோக்கன் கொடுத்தார், பிறகு டோக்கனுக்கு வரிசை கட்டச் சொன்னார், வரிசைக்கு மோர் விற்கத் தன் மைத்துனனை அமர்த்தினார்.

ஊர்ப் பெண்களுக்கு இருந்த பெரிய பிரச்சினை அஞ்சுகத்தின் வளையல். ஏழாம் மாதத்தில் போட்ட வளைகாப்பு வளையல்கள் பிரசவம் வரை கையில் இருக்க வேண்டும். இவளோ கதவு பொருத்துகிற வேலையில் எல்லாவற்றையும் உடைத்துவிட்டாள். இரண்டாம் முறை வளைகாப்பு செய்யலாமா என்பதற்குச் சாஸ்திரத்தில் விடையில்லை. செய்தார்கள். சித்திரையில் ஒன்று, வைகாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் சாதம் என்று கட்டி எடுத்துக்கொண்டு ஊரே உள்ளே வந்தது; அசெம்பிளி லைனில் பந்தி போட்டார்கள்; ஆண்கள் மாதம் தவறாமல் அடுத்ததை விசாரித்தார்கள்.

இப்படித்தான் வச்சிரவேலு வந்து சேர்ந்தார். கோயம்பேட்டில் மொத்தப் பூ வியாபாரி, அந்த வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர், குரல் ஏலம் விட்டே வளர்ந்தது. வளைகாப்புக்குப் பூ கொண்டுவந்தவர், மூன்று நாள் கழித்துப் பணம் வாங்க வந்தபோது, உள்ளே மறந்துவிட்டுப் போன மல்லி மொட்டுக் கூடையை யாரோ எடுத்துக் கொடுக்க, அதில் கையை விட்டு அளைந்தார். மொட்டு மொட்டாகவே இருந்தது. மல்லி ஒரு பொழுதுக்குள் மலர்ந்து மதிப்பிழக்கும் பண்டம், அந்த ஒரு பொழுதுக்குள் விற்பதுதான் அவர் வாழ்க்கை முழுவதும்; அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் லாரிகள் வந்தன. ஆனால் கூடைகளை அடுக்க இடமில்லை, ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நசுங்கும். மைதானத்தில் நின்ற சிட்டுகளின் பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றிலும் கூடைகளை வைக்கலாம் என்று சொன்னது அஞ்சுகம். ஸ்ரீவத்சன் புத்தகத்தைப் புரட்டி வாடகை நிர்ணயித்தார். விற்காத கார்களின் வயிற்றில் மல்லியும் முல்லையும் சம்பங்கியும் தூங்கின, வாடகையில் கேன்டீன் ஓடியது, பாதிச் சம்பளம் வந்தது, ஆலைச் சங்கு பல மாதத்துக்குப் பிறகு ஊதியது.

ஆடி மாதத்தில் ஒருநாள் வச்சிரவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்க அறைக்கு வந்தார். ஸ்ரீவத்சனும் அங்கே இருந்தார்.

"இந்த எடத்த எங்க சங்கமே வாங்கிக்குது. எவ்ளோன்னு சொல்லுங்க."

ஸ்ரீவத்சன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இத்தனை மாதத்தில் ஆலையைக் கேட்டு வந்த முதல் மனிதர் இவர்தான். கிடங்கு கட்ட நிலத்தை மட்டும் கேட்டவர்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"அண்ணே, உக்காருங்க," என்றாள் அஞ்சுகம். "வாசல்ல ஒட்டியிருக்கறதப் படிச்சீங்களா?"

"எதுவும் கெடாதுன்னு போட்டிருக்கு. அதுக்குத்தான் வாங்குறேன்."

"அதுக்கு முன்னால என்னா போட்டிருக்கு?"

ஸ்ரீவத்சன் மெல்ல இருமினார். "மேடம், அதை இப்பவே சொல்லணுமா?"

"சொல்லணும் சார். நாளைக்கு இவரு வாடிப்போன பூவோட எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு, எனக்கு அப்பக் கைக்குழந்தை இருக்கும்." அவள் வச்சிரவேலு பக்கம் திரும்பினாள். "தீர்மானம் ஆகும் வரைன்னு போட்டிருக்கு. நீங்க வாங்குறதுதான் தீர்மானம். நீங்க வாங்குற அன்னிக்கு இதெல்லாம் நின்னுடும். மல்லி மலந்துடும். நானும் பெத்துடுவேன்."

வச்சிரவேலுவின் குரல் இறங்கிவிட்டது, அவரை அறிந்தவர்களுக்கு இது பால் திரியாததைவிடப் பெரிய அதிசயம்.

"அப்ப நான் எதத்தாம்மா வாங்குறது? சுவத்தையா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். ஸ்ரீவத்சன் தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சுகத்தின் வயிற்றில் ஓர் உதை விழுந்தது. அது பாராட்டா கண்டனமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வச்சிரவேலு தன் பூவை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள வந்தார். கோபத்தில் லாரி சொல்ல மறந்துவிட்டார். கூடைகளைக் கையில் தூக்கி அடுக்கும் பொறுமையும் இல்லை. "சாவியக் குடு," என்று வாங்கி, பூ இருந்த சிட்டையே ஓட்டிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போனார், மதியத்துக்குள் அதே சிட்டில் திரும்பினார், வந்த வேகத்தில் செக்யூரிட்டியின் மைத்துனனின் மோர்ப் பானை உருண்டது.

"யாரு? யாரு இத டிசைன் பண்ணது?"

பல மாதமாக ஆலையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், அந்தப் பதில் ராஜினாமா செய்துவிட்டுப் போயிருந்தது.

"மதுரவாயல் கிட்ட ஒரு பள்ளத்துல எறக்குனேன் பாரு, எம் பல்லு ஆடிப்போச்சு, பூ ஆடல! லாரியில போட்டா அடிக்கூடை கஞ்சியாப் போவும். ஆட்டோவுல போட்டா பாதி ரோட்டுல கெடக்கும். இதுல கூடை புள்ள மாதிரி உக்காந்து வருது. அந்தப் பின் சீட்டு மட்டும் எடஞ்சலாக் கீது. அது எதுக்கு அங்க?"

"மனுசன் உக்காரத்தான்," என்றார் ஒரு வெல்டர்.

"உக்காந்தானா?"

அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில்தான் மருதம் மோட்டார்ஸின் மறுசீரமைப்பு நடந்தது. பிறகு எழுதப்பட்ட தடித்த திட்ட அறிக்கையெல்லாம் அதற்கு உரைதான். மறுசீரமைப்பு என்றால் பெரிய பெரிய ஆட்கள் வந்து பெரிய பெரிய மாற்றங்கள் செய்வது என்று நாளிதழ்கள் எழுதுவதை நம்ப வேண்டாம். அது சில சமயம் ஒரு சீட்டைக் கழற்றுவது. அன்று மாலைக்குள் நாற்பது சிட்டுகளின் பின் சீட்டைக் கழற்றிவிட்டார்கள், கழற்றிய சீட்டுகளைக் கேன்டீனில் போட்டு உட்கார்ந்து முதல்முறையாக அவை வசதியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

பூ வியாபாரிகள் சங்கம் திட்டத்தை எழுத ஆரம்பித்தது. காய்கறிக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், மீன்காரர்களும் கேட்டபோது பூக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே சம்மதித்தார்கள். ஆவணி முடியும் நாள் நெருங்கியது.

கடன் கொடுத்த வங்கிகளின் கூட்டத்தில் பெரும்பான்மை ஓட்டு ஒரே வங்கியிடம் இருந்தது, அந்த வங்கியின் சார்பில் ஓட்டுப் போட வேண்டியவர் திருஞானம் என்ற மூத்த அதிகாரி. சாந்தமானவர், யாரையும் கடிந்து பேசாதவர், அவர் மேஜைக்கு வந்த எந்தக் கம்பெனியும் பிழைத்துப் போனதில்லை. கெடுவின் கடைசி நாளும் அவர் பணி ஓய்வு பெறும் நாளும் ஒன்றாக அமைந்தன. கூட்டத்தைச் சென்னையில் ஒரு ஹோட்டலில் வைக்கலாம் என்று அவர் எழுதினார். ஸ்ரீவத்சன் வாழ்க்கையில் முதல்முறையாகப் புத்தகத்தைப் புரட்டாமல் பதில் எழுதினார்: இடத்தை முடிவு செய்வது தீர்வாளர், இடம் ஆலைக் கேன்டீன்.

திருஞானம் வந்தார். பஜ்ஜி சாப்பிட்டார். வச்சிரவேலு மூச்சுவிடாமல் பேசியதைக் கேட்டுத் தலையாட்டினார். இன்னும் சில விவரங்கள் வேண்டும் என்றார், அவை வந்ததும் வேறு சில வேண்டும் என்றார். சூரியன் பெயின்ட் ஷாப் கூரைக்குப் பின்னால் இறங்கியதும் கோப்பை மூடினார்.

"மன்னிக்கணும். ஆபீஸ் நேரம் முடிஞ்சாச்சு. கெடுவும் முடிஞ்சாச்சு. இனி சட்டப்படி அது தானாவே..." கேன்டீன் பெண்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து, "அந்த இன்னொரு வழிக்குப் போயிடும்," என்றார்.

"கெடு முடியலையே சார்," என்றார் ஸ்ரீவத்சன்.

"வாட்சைப் பாருங்க."

"வாட்ச் சரிதான் சார். உங்களுக்கு ஆபீஸ்லேர்ந்து ரிலீவிங் ஆர்டர் வந்துடுச்சா?"

திருஞானம் செல்போனைப் பார்த்தார். வரவில்லை. கிளைக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்துக் குரல் கேன்டீன் முழுக்கக் கேட்டது: "சார், நாங்களும் பாத்துட்டே இருக்கோம், நீங்க இன்னும் சர்வீஸ்லதான் இருக்கீங்கன்னு சிஸ்டம் காட்டுது. மாலை வேற வாடுது சார், சீக்கிரம் வாங்க."

அஞ்சுகம் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாலாவது வளைகாப்பின் வளையல்கள் குலுங்கின.

"சார், கேட்டத் தாண்டுனீங்கன்னா நீங்க ரிட்டையர் ஆன பெரியவரு. உங்களுக்கு ஓட்டு கெடையாது. தாண்டாம இங்கயே இருந்தீங்கன்னா கெடு முடியாது, அதனால எதுவும் தானா நடக்காது. எங்கள உடைக்கணும்னா உடைங்க. ஆனா நீங்களே வாயத் தொறந்து அந்த வார்த்தையச் சொல்லி உடைங்க. நான் கேட்டுக்கறேன், உள்ள இருக்கறதும் கேட்டுக்கட்டும்."

திருஞானம் அவளையும் வயிற்றையும் பார்த்தார், மேஜையிலிருந்த கோப்பைப் பார்த்தார், பிறகு யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்: "சர்வீஸ் பூரா நான் ஒண்ணையும் முடிவு பண்ணினது இல்லைம்மா. காத்துக்கிட்டு இருப்பேன். கெடு வந்துடும், அது முடிவு பண்ணிடும்."

"இங்க வராது சார்."

"தெரியுது." அவர் எழுந்தார். "அந்த வண்டியைக் காட்டுங்க."

மைதானத்தில் திருஞானம் ஸ்டியரிங் பிடிக்க, வச்சிரவேலு பக்கத்தில் உட்கார, பின்னால் கூடைகள் அமர, சிட்டு புறப்பட்டது. முதல் சுற்றில் ஊர்ந்தார். இரண்டாம் சுற்றில் வேகத்தடையில் வேண்டுமென்றே ஏற்றினார். மூன்றாவது சுற்றில் தொழிலாளர்கள் விசிலடித்தார்கள், "விடு சார்! அமுக்கு சார்!" என்று வச்சிரவேலு கத்துவது மதிலுக்கு வெளியே ஆட்டோவில் இருந்த கோதண்டத்துக்குக் கேட்டது, டை கட்டிய அந்த சாந்தமான மனிதர் வரிசைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டி, கேட்டுக்கு நேரே வந்து, தாண்டிவிடுவார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்த இடத்தில் சட்டென்று திருப்பி, கேன்டீன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கிப் பின்கதவைத் திறந்து கூடைக்குள் பார்த்தார். ஒரு மொட்டும் சிதறவில்லை.

"பேனா குடுங்க," என்றார். "ஆதரிக்கிறேன்."

சட்டம் அறிந்தவர்கள் இங்கே ஆட்சேபிப்பார்கள்: தீர்ப்பாயம் ஒப்புக்கொண்ட பிறகுதான் தடை விலகும், வங்கி ஓட்டுப் போட்டதும் அல்ல. உண்மை. ஆனால் மதில் சட்டத்தைப் படிக்கவில்லை, வாசலில் ஒட்டிய தாளைத்தான் படித்திருந்தது; தாளில் தீர்மானம் ஆகும் வரை என்று இருந்தது, தீர்மானம் ஆகிவிட்டது.

முதலில் ஸ்டோர் ரூமில் மறந்துபோன மாவுச் சட்டியின் மூடி கூரைக்குப் பறந்தது. மாவு பொங்கிப் படியிறங்கி வந்தது. பால் கேன்கள் தயிராகி, அதைத் தாண்டியும் போயின. ஸ்ரீவத்சனின் முகத்திலிருந்து தாடி முளைத்து மார்பில் விழுந்தது. இரண்டு பங்காளிகளும் எதற்காகச் சண்டை என்பதை மறந்து அசடு வழிய நின்றார்கள். திருஞானத்தின் செல்போன் அலறியது. மைதானத்தில் வரிசை வரிசையாக நின்ற சிட்டுகளின் வயிற்றுக்குள் அத்தனை மாதத்து மல்லியும் ஒரே மூச்சில் மலர்ந்து, பின்கதவுகளை உள்ளிருந்து தள்ளித் திறந்து, ஆலை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொங்கி வழிந்தது, அந்த மணத்தில் காவலுக்கு நின்ற நாய்கள் உட்கார்ந்துவிட்டன.

அஞ்சுகம் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். "யோவ் கோதண்டம்!"

கோதண்டம் கேட்டைத் திறக்கக் காத்திராமல் ஏறிக் குதித்து வந்தான். "ஆட்டோ ரெடி! ஆட்டோ ரெடி!"

"ஆட்டோ வேணாம். பள்ளத்துல ஆடும்." அவள் சிட்டைக் காட்டினாள். "இதுல போ."

சீட்டு இல்லாத இடத்தில் கேன்டீன் பெண்கள் புடவைகளை மடித்துப் போட்டார்கள், இரண்டு பேர் கூடவே ஏறிக்கொண்டார்கள், எடுக்க நேரமில்லாத ஒரு கூடை அப்படியே இருந்தது. வச்சிரவேலு ஓட்டினார், வழி விடச் சொல்லி ஹாரனுக்குப் பதில் தன் குரலையே பயன்படுத்தினார். கோதண்டம் ஆஸ்பத்திரிப் பையோடு பின்னால் ஆட்டோவில் துரத்தினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி கடந்து போவதற்குள் சிட்டின் பின்னாலிருந்து புது அழுகை ஒன்று கிளம்பியது. பொம்பளைப் புள்ளை என்று ஒரு கேன்டீன் பெண் கத்த, கேட்டின் இரண்டு பக்கமும் நின்ற பேருந்துகளும் லாரிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன.

தீர்ப்பாயம் அடுத்த மாதம் திட்டத்தை ஒப்புக்கொண்டது. வங்கிகளுக்கு முழுப் பணமும் கிடைக்கவில்லை, பெயின்ட் ஷாப்பில் ஒரு ஷிஃப்டை எடுத்துவிட்டார்கள், அதற்காக அஞ்சுகம் கைக்குழந்தையோடு வாசலில் உட்கார்ந்து போராடிப் பாதிப் பேரைத் திரும்பச் சேர்த்தாள். பூ மார்க்கெட்டுக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் இப்போது சிட்டுகள்தான் ஓடுகின்றன. வாசலில் இருந்த தாளை மழை கரைத்துவிட்டது. ஆலையில் பால் எங்கும் போலத் திரிகிறது.

அஞ்சுகத்தின் மகள் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குப் பால்பல் ஒன்றுகூட இன்னும் விழவில்லை.